‘உங்க வெப்சைட்டைப் படிக்க முடியலை’ என்று புகார் வந்தால்: தொண்டு நிறுவனத் தளங்களுக்கு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, ரத்ததானக் குழு, கல்வி அறக்கட்டளை போன்றவற்றின் தளங்களில் பல வேர்ட்பிரஸ் என்ற தள மேலாண்மை மென்பொருளில் ஓடுகின்றன. யாரோ ஒருவர் ஒருமுறை செய்துகொடுத்துவிட்டுப் போயிருப்பார். அலுவலகத்தில் இன்னொருவர் அவ்வப்போது செய்தியும் படமும் ஏற்றுவார். இந்த வழிமுறை அந்த இரண்டாமவருக்கானது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் கை அசைவில் சிரமம் உள்ளவர்களும் சொல்லும் புகார்களில் பெரும்பகுதி தளத்தின் நிரலில் இருப்பதில்லை. நாம் ஏற்றிய சங்கதியில்தான் இருக்கிறது. டெவலப்பருக்குப் பணம் கட்டும் முன் கீழே உள்ளதை வரிசையாகப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், கைக்காசு போகும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

## புகார் வந்தவுடன்

‘சரி பண்ணிடறோம்’ என்று மட்டும் பதில் போட்டுவிட்டுத் தேட ஆரம்பிக்காதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பக்கம், போனா கணினியா, எந்த ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள் (அல்லது எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறார்), என்ன செய்யும்போது நின்றது. இந்த நான்கும் தெரியாமல் பிழையைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

சோதிக்கத் தேவையானவை எல்லாமே இலவசம். விண்டோஸ் கணினியில் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை நிறுவுங்கள். இன்சர்ட்+என் அழுத்தினால் அதன் மெனு வரும். அதில் டூல்ஸ் → ஸ்பீச் வியூவர் திறந்தால், அது பேசுவதெல்லாம் எழுத்தாகவும் திரையில் ஓடும். காதுக்குப் பழகாத வேகமான குரலோடு மல்லுக்கட்ட வேண்டாம். பேச்சை நிறுத்த கன்ட்ரோல், முழுதாக வெளியேற இன்சர்ட்+க்யூ.

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதை இயக்கும் முன் அணைக்கும் வழியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: அமைப்புகளில் அதற்கான ஷார்ட்கட்டை இயக்கிவைத்தால், இரண்டு ஒலி பட்டன்களையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் போதும். டாக்பேக் இயங்கும்போது ஒரு தட்டு எதையும் திறக்காது. வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும், இருமுறை தட்டினால் திறக்கும், இரண்டு விரலால் தள்ளினால் பக்கம் நகரும். இது தெரியாமல் இயக்கிவிட்டு ‘போன் கெட்டுப்போச்சு’ என்று கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

## அறிகுறி 1: “தமிழைப் படிக்கவே மாட்டேங்குது” அல்லது “உளறுது”

தமிழ்த் தளங்களுக்கே உரிய கோளாறு இது. ஆங்கிலக் கையேடுகளில் இதற்குத் தீர்வு கிடைக்காது. ‘உளறல்’ என்பதிலேயே மூன்று வகை இருக்கிறது. எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

### 1-அ: தமிழ்ப் பகுதி வந்ததும் மௌனம், அல்லது எழுத்தெழுத்தாகத் தடுமாறல்

பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று பதிவாகியிருக்கிறது. கண்ணுக்குத் தமிழ் தெரியும், ஆனால் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலுக்கு மாறிவிடும். மொழிக்கேற்பக் குரலைத் தானாக மாற்றும் வசதியை இயக்கிவைத்தவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். அதனால்தான் ஒருவர் ‘படிக்கவில்லை’ என்பார், இன்னொருவர் ‘எனக்கு நன்றாகத்தானே படிக்கிறது’ என்பார். இருவர் சொல்வதும் உண்மை.

சோதனை: கணினியில் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல்+யூ அழுத்துங்கள். மேலே முதல் சில வரிகளில் ‘லாங்’ என்ற சொல்லுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘டி, ஏ’ என்று தொடங்கினால் தமிழ். ‘இ, என்’ என்றிருந்தால் கோளாறு இதுதான்.

சரிசெய்ய: வேர்ட்பிரஸ் டாஷ்போர்டில் செட்டிங்ஸ் → ஜெனரல் → சைட் லாங்குவேஜ் போய்த் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இலங்கைத் தமிழுக்குத் தனித் தேர்வு உண்டு. டாஷ்போர்டும் தமிழுக்கு மாறுவது பிடிக்காவிட்டால், உங்கள் ப்ரொஃபைலில் பயனர் மொழியை மட்டும் ஆங்கிலமாக்கிக்கொள்ளலாம். தளத்தின் மொழி அப்படியே இருக்கும்.

தளம் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்றால் இந்த ஒரு தேர்வு போதாது. ஒரே பக்கத்தில் இரண்டையும் அடுக்காமல் பாலிலாங் போன்ற ப்ளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) வைத்து மொழிக்கொரு பக்கமாகப் பிரியுங்கள். இலவசப் பதிப்பே போதும். ஓரிரு ஆங்கிலச் சொற்கள் இடையில் வருவதற்கெல்லாம் இது வேண்டாம், தமிழ்க் குரல்கள் அதைச் சமாளித்துவிடும்.

### 1-ஆ: சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளைப் படிக்கிறது

பழைய எழுத்துரு. பாமினி, வானவில் போன்றவற்றில் தட்டச்சு செய்த வரிகள் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான். மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கும். பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவதை நோட்பேடில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரும். ஸ்கிரீன் ரீடருக்குக் கேட்பது அதுதான்.

சோதனை: பக்கத்தில் கன்ட்ரோல்+எஃப் அழுத்தி, கண்ணெதிரே தெரியும் ஒரு சொல்லை யூனிகோடில் (போனிலும் கணினியிலும் இன்று பொதுவாகப் புழங்கும் எழுத்துக் குறிமுறை) தட்டித் தேடுங்கள். இருக்கும் சொல்லை ‘இல்லை’ என்று சொன்னால் அது யூனிகோட் இல்லை. கூகுளில் தமிழில் தேடினாலும் அந்தப் பக்கம் கிடைக்காது என்பதைத் தலைவரிடம் சொல்லுங்கள். மாற்றுவதற்கு உடனே அனுமதி கிடைக்கும்.

சரிசெய்ய: என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். எழுத்துரு தவறினால் உளறல் இன்னொரு வடிவத்தில் வரும். தமிழக அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது 2010-இல். அதற்குப் பிறகும் டிடிபி கடைகளில் இருந்து வரும் கோப்புகள் பழைய எழுத்துருவிலேயே வருவதுண்டு. கடைக்காரரிடம் அச்சுக்கு எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள், எங்களுக்கு வரிகளை யூனிகோடில் தனிக் கோப்பாகக் கொடுங்கள் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அச்சான பிறகு கேட்டால் கிடைக்காது.

### 1-இ: படிக்கிறது, ஆனால் சில சொற்களில் மட்டும் தடுக்குகிறது

இங்கேதான் கண் ஏமாறும். மாற்றியில் போட்டு எடுத்த வரிகளில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்திருப்பது. ‘அவர்கள்’ என்பதும் ‘அவா்கள்’ என்பதும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று. குரலுக்கு இரண்டாவது ஒரு சொல்லே இல்லை. தமிழில் துணைக்கால் மேல் புள்ளி எங்கேயும் வராது. ஆகவே ‘ா்’ என்பதைத் தேடி எல்லா இடத்திலும் ‘ர்’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

இரண்டாவது, ‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ என்று ஒற்றைக் கொம்பும் ‘ள’வும் சேர்த்து எழுதுவது. இதை மொத்தமாக மாற்றாதீர்கள். ‘தெளிவு’ போன்ற சரியான சொல்லிலும் அதே வரிசை வரும், அது ‘தௌிவு’ ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, ‘எ’ என்ற எழுத்துக்குப் பதில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணான ‘௭’. இதைக் கண்ணால் பிடிப்பது கடினம். தேடல் பெட்டியில் ‘௭’ஐப் போட்டுத் தேடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது: ஐம்பது பக்கத்துக்கு மேல் பழைய எழுத்துருவில் இருந்தால், தரவுத்தளத்திலேயே மாற்றத் தெரிந்த டெவலப்பர் வேண்டும். முழு பேக்கப் எடுக்காமல் தொடவிடாதீர்கள்.

## அறிகுறி 2: “வெறும் ‘இணைப்பு’, ‘இணைப்பு’ன்னு சொல்லுது”

என்விடிஏவில் இன்சர்ட்+எஃப்7 அழுத்துங்கள். பக்கத்தில் உள்ள இணைப்புகள் எல்லாம் பட்டியலாக வரும். ஸ்கிரீன் ரீடர்காரர்கள் தளத்தை இப்படித்தான் மேய்வார்கள். பட்டியலில் ‘மேலும் படிக்க’ என்று பன்னிரண்டு முறை வந்தால் எதை மேலும் படிப்பது என்று யாருக்குத் தெரியும்? ‘மேலும்: கண் சிகிச்சை முகாம் விவரம்’ என்று மாற்றுங்கள், பட்டனில் இடமில்லை என்றால் தலைப்பையே இணைப்பாக்கிவிட்டு ‘மேலும் படிக்க’வை எடுத்துவிடுங்கள்.

பட்டியலில் பெயரே இல்லாத வரிகள் இருந்தால், அவை பெரும்பாலும் ஃபேஸ்புக், யூடியூப், வாட்ஸ்அப் ஐகான்கள். தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வடிவமைப்பு) சொந்த ஐகான்களை எடுத்துவிட்டு வேர்ட்பிரஸின் சோஷியல் ஐகான்ஸ் ப்ளாக்கைப் போட்டால் பெயர் தானாக வந்துவிடும்.

‘ஐஎம்ஜி 2024...’ என்று நீளமாக எண் படித்தால் அது வாட்ஸ்அப்பில் வந்த படம், இணைப்பாகவும் இருக்கிறது, மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும், ஸ்கிரீன் ரீடர் படிக்கும் சிறு விளக்கம்) இல்லை. இணைப்பில்லாத படத்துக்கு மாற்று உரை இல்லாவிட்டால் என்விடிஏ பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் போய்விடும்; இணைப்பாக இருந்தால் கோப்பின் பெயரையாவது படித்தாக வேண்டும், அதனால்தான் இந்தக் கூத்து.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மீடியா லைப்ரரிக்குப் போய் எல்லாப் படங்களுக்கும் மாற்று உரை எழுதி முடித்துவிட்டு, தளத்தில் ஒன்றும் மாறவில்லையே என்று திகைப்பீர்கள். லைப்ரரியில் எழுதுவது இனிமேல் செருகும் படங்களுக்குத்தான். ஏற்கெனவே பக்கத்தில் உள்ள படத்தை அந்தப் பக்கத்துக்குள் போய், படத்தைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கப் பெட்டியில் எழுத வேண்டும். முதல் பக்கம், நன்கொடைப் பக்கம், தொடர்புப் பக்கம் மூன்றையும் முதலில் முடியுங்கள். பத்தாண்டுப் பழைய ஆண்டுவிழா ஆல்பம் காத்திருக்கலாம்.

என்ன எழுதுவது? ‘படம்’, ‘புகைப்படம்’ என்ற சொற்கள் வேண்டாம், அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். ‘தையல் பயிற்சியில் ஆறு பெண்கள், ஒருவர் கத்தரித்த துணியை உயர்த்திக் காட்டுகிறார்’ என்பது போதும். கோலம், பூ வரிசை போன்ற வெறும் அலங்காரத்துக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே சரி.

## அறிகுறி 3: “முகாம் என்னைக்குன்னு எங்கயும் போடலையே”

போட்டிருப்பீர்கள், போஸ்டரில். நாள், நேரம், இடம், தொலைபேசி எண் எல்லாம் ஒரே ஜேபெக் படத்துக்குள் இருக்கும். தன்னியக்கச் சோதனைக் கருவிகள் இதைப் பிடிக்காது. மாற்று உரையில் ‘போஸ்டர்’ என்று ஒரு சொல் இருந்தாலே ‘சரி’ என்று பச்சை விளக்கு காட்டிவிடும்.

முழு வாசகத்தையும் மாற்று உரைக்குள் திணிக்காதீர்கள். அதில் பத்தி பிரிக்க முடியாது, தொலைபேசி எண்ணைத் தட்டி அழைக்க முடியாது, எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவருக்கும் உதவாது. போஸ்டருக்குக் கீழே நான்கு வரி: நிகழ்ச்சி, நாளும் நேரமும், இடம், தொடர்பு எண். மாற்று உரையில் ‘முகாம் அறிவிப்பு, விவரம் கீழே’ என்றால் போதும். போஸ்டர் செய்தவருக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகம் உங்களிடம்தான் இருக்கும், அதையே ஒட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

## அறிகுறி 4: “பிடிஎஃப் திறக்குது, பேச மாட்டேங்குது”

பிடிஎஃபில் ஒரு வரியைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுக்க முடிகிறதா?

முடியவில்லை: ஸ்கேன் செய்த காகிதம். மூல வேர்ட் கோப்பு எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், ஆடிட்டர் அலுவலகம் உட்பட. இல்லாவிட்டால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் தமிழ் எழுத்துகளைப் பிரித்துக் கொடுக்கும். பத்தி ஓரளவு சரியாக வரும். அட்டவணையும் எண்களும் நம்ப முடியாது. வரவு செலவுக் கணக்கை இப்படி எடுத்து அப்படியே ஏற்றிவிடாதீர்கள், ஒவ்வொரு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடிகிறது, ஒட்டினால் கொம்புகள் இடம் மாறி வருகின்றன: பக்க வடிவமைப்பு மென்பொருளிலிருந்து எடுத்த தமிழ் பிடிஎஃபில் இது வரும். ‘கொடை’யின் கொம்பும் காலும் திசைக்கொன்றாகப் போய்விடும். பிடிஎஃபைப் பழுதுபார்ப்பதில் நேரம் செலவழிக்காதீர்கள். மூல வரிகளைக் கொண்டு புதிதாகச் செய்யுங்கள்.

முடிகிறது, சரியாக ஒட்டுகிறது, ஆனால் தாவிப் படிக்கிறது: எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை என்று சொல்லும் கட்டமைப்புக் குறிகள் இல்லை. வேர்டில் பிரின்ட் வழியாகப் பிடிஎஃப் ஆக்கினால் அவை தொலைந்துவிடும். சேவ் ஆஸ் → பிடிஎஃப் போய், ஆப்ஷன்ஸ் பெட்டியில் அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகள் என்ற தேர்வு டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் சேமியுங்கள்.

எங்கள் பரிந்துரை இதைவிட எளிது: விண்ணப்பத் தகுதி, கட்டணம், விதிமுறை போன்றவற்றைப் பிடிஎஃபாகவே போடாதீர்கள். சாதாரணப் பக்கமாகப் போடுங்கள். கையெழுத்தும் முத்திரையும் கட்டாயமான தணிக்கை அறிக்கைக்கு மட்டும் பிடிஎஃப் போதும், அதற்கும் மேலே ஐந்து வரிச் சுருக்கம்.

யாரைக் கூப்பிடுவது: பல நிதிநிலை அட்டவணைகள் கொண்ட ஆண்டறிக்கையைக் குறியிட அடோபி அக்ரோபேட் ப்ரோவும் பழகிய கையும் வேண்டும். பக்கக் கணக்கில் கட்டணம் பேசுவார்கள், ஆகவே எல்லா ஆண்டுகளையும் கொடுக்காமல் கடைசி ஆண்டை மட்டும் கொடுங்கள்.

## அறிகுறி 5: “நன்கொடை கொடுக்கலாம்னு வந்தேன், முடியலை”

இந்தப் புகாரைத் தள்ளிப்போடும் நிறுவனத்தை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

### 5-அ: க்யூஆர் மட்டும் இருக்கிறது

பார்வையற்றவர் கேமராவைக் குறிவைக்கச் சிரமப்படுவார் என்பது ஒரு பக்கம். போனிலேயே தளத்தைப் பார்க்கும் யாரும் அதே போனின் கேமராவால் திரையில் உள்ள க்யூஆரை ஸ்கேன் செய்ய முடியாது. படத்துக்குக் கீழே யூபிஐ முகவரி, கணக்குப் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி நான்கையும் எழுத்தாகப் போடுங்கள், நகலெடுக்கும்படி. ஐஎஃப்எஸ்சியின் 11 எழுத்துகளில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில ‘ஓ’வைத் தட்டிவைத்திருக்கும் தளங்கள் நிறைய. கண்ணால் பார்ப்பவர் திருத்திக்கொள்வார், நகலெடுப்பவருக்குப் பணம் போகாது.

### 5-ஆ: படிவத்தில் எந்தக் கட்டம் எதற்கென்று தெரியவில்லை

சோதனைக்கு ஸ்கிரீன் ரீடர் கூட வேண்டாம். கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள ‘பெயர்’ என்ற சொல்லைச் சொடுக்குங்கள். கர்சர் கட்டத்துக்குள் குதித்தால் சொல்லும் கட்டமும் இணைந்திருக்கின்றன. குதிக்கவில்லை என்றால் இணைப்பு இல்லை. ‘பெயர்’ என்பது கட்டத்துக்குள்ளேயே மங்கலாக இருந்து, தட்ட ஆரம்பித்ததும் மறைந்தால் அதுவும் கோளாறுதான். கான்டாக்ட் ஃபார்ம் 7 தரும் மாதிரிப் படிவத்தில் சொல்லும் கட்டமும் இணைந்தே இருக்கும். அழகுக்காக யாரோ பிரித்திருப்பார்கள். புதிய படிவம் ஒன்றைத் தொடங்கி அந்த மாதிரியோடு ஒப்பிட்டால் எது காணவில்லை என்று தெரிந்துவிடும்.

கூகுள் ஃபார்மைப் பக்கத்துக்குள் சின்னப் பெட்டியாகப் பதித்திருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடி இணைப்பாகக் கொடுங்கள். பக்கம் தனியாகவும் பெட்டி தனியாகவும் உருளும் தொல்லை ஒழியும்.

### 5-இ: எல்லாம் நிரப்பியும் ஏற்க மறுக்கிறது

நீங்களே தவறாக நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டம், என்ன தவறு என்று எழுத்தில் சொல்கிறதா, வெறும் சிவப்புக் கோடு மட்டும் வருகிறதா? பிறகு இவற்றைத் தட்டிப் பாருங்கள்: +91 சேர்த்த எண், நடுவில் இடைவெளி விட்ட எண், சிறிய எழுத்தில் பான் எண், ஒற்றை எழுத்து இனிஷியல். ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்று வைத்திருக்கும் படிவத்தில் இனிஷியல் மட்டும் உள்ள நம்மவர்கள் என்ன போடுவார்கள்? ஒரே ‘பெயர்’ கட்டம் போதும். பிறந்த தேதிக்கு நாட்காட்டி மட்டும் இருந்தால், கையால் தட்டவும் விடுங்கள். 1958-க்கு நாட்காட்டியில் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள், புரியும்.

### 5-ஈ: ‘பேருந்துகள் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும்’

படக் கேப்ட்சாவை நீக்குங்கள். மாதம் சில விண்ணப்பம் வரும் படிவத்துக்குக் ஸ்பேம் அனுப்பும் நிரல்களைச் சிக்கவைக்க, கண்ணுக்குத் தெரியாத பொறிக் கட்டம் (ஹனிபாட்) வைக்கும் ப்ளகின் போதும். ஸ்பேம் பத்து வந்தால் அழித்துக்கொள்ளலாம்.

### 5-உ: பணம் கட்டும் பக்கத்தில் நிற்கிறது

அது பேமென்ட் நிறுவனத்தின் பக்கம், உங்களால் திருத்த முடியாது. பிழையை அவர்களுக்கு எழுதுங்கள். அதுவரை வங்கி விவரத்தையும், ‘கட்டிய பின் இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினால் வருமான வரிச் சலுகைக்கான ரசீது வரும்’ என்ற வரியையும் மேலே போட்டுவையுங்கள்.

## அறிகுறி 6: “மவுஸ் இல்லாம மெனுவுக்குள்ள போக முடியலை”

மவுஸைக் கழற்றிவையுங்கள். டேப் விசையை அழுத்திக்கொண்டே போங்கள், திரும்பி வர ஷிஃப்ட்+டேப்.

எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை என்றால்: அசிங்கமாக இருக்கிறது என்று, நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி வரும் கோட்டைத் தீம் அணைத்துவைத்திருக்கிறது. டபிள்யூபி ஆக்ஸசிபிலிட்டி என்ற இலவச ப்ளகினில் அந்தக் கோட்டைத் திரும்பக் கொண்டுவரும் தேர்வு உண்டு. மெனுவைத் தாண்டி நேரே சங்கதிக்குப் போகும் இணைப்பையும் அதிலேயே சேர்க்கலாம். அதன் கருவிப்பட்டையை மட்டும் இயக்க வேண்டாம், தேவையில்லை.

துணைமெனு திறக்கவில்லை என்றால்: மவுஸ் மேலே போனால் மட்டும் விரியும் மெனு. இதற்கு டெவலப்பரைத் தேடும் முன் ஒரு கேள்வி: துணைமெனு தேவைதானா? சிறிய அமைப்புக்கு ஏழு பக்கத்துக்கு மேல் மெனுவில் தேவைப்படுவது அபூர்வம். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் போட்டால் கோளாறே இல்லை.

பாப்-அப் வந்து மாட்டிக்கொண்டால்: எஸ்கேப் அழுத்தி மூடவில்லை என்றால் அந்தப் பாப்-அப்பையே நீக்கிவிடுங்கள். ‘நன்கொடை தாருங்கள்’ பாப்-அப்பால் வெளியேறியவர் நன்கொடை தரப்போவதில்லை.

யாரைக் கூப்பிடுவது: மேலே உள்ளவை பலிக்காவிட்டால் தீம் மாற்ற வேண்டும். வேர்ட்பிரஸ் தீம் கிடங்கில் அணுகல்தன்மைக்குத் தயாரானவை என்று வடிகட்டித் தேடலாம். பழைய தீமை ஒட்டுப்போட ஆகும் செலவு, புதியதற்கு மாறும் செலவைவிடக் கூடுவது சகஜம்.

## அறிகுறி 7: “எழுத்து தெரியலை, பெருசாக்கினா உடைஞ்சுபோகுது”

நிறத்தில் தொடங்குங்கள். சாதாரண எழுத்துக்குப் பின்னணியோடு ஒளி வேறுபாட்டின் விகிதம் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய தலைப்புக்கு 3-க்கு 1 இருக்க வேண்டும். வேவ் என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் குறைந்த இடங்களைக் காட்டிவிடும். வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் நூலிழையில் தோற்கும், 767676 தேறும். அடிக்குறிப்புகளில் பிரபலமான 999999 கிட்டேகூட வராது. ஆரஞ்சுப் பட்டனில் வெள்ளை எழுத்துதான் நன்கொடைப் பக்கங்களின் தீராத வியாதி. பட்டன் நிறத்தை மாற்றத் தலைவர் ஒப்பவில்லை என்றால் எழுத்தைக் கறுப்பாக்குங்கள், பிரச்சினை முடிந்தது.

அடுத்து தமிழுக்கே உரியது. ஆங்கிலத்துக்கென்று வரைந்த வடிவில் தமிழைப் போட்டால் இரண்டு இடத்தில் இடிக்கும். வரி இடைவெளி போதாமல் மேல் வரியின் ‘கூ’, ‘ழு’ வாலும் கீழ் வரியின் ‘கி’, ‘கீ’ மேல் வளைவும் மோதும், வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.6 மடங்கு வையுங்கள். எழுத்தளவு 18 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். பத்தியை இருபுறமும் சமமாக இழுக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் நடுவில் பள்ளம் பள்ளமாக வெள்ளை விழும். சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது இடி, பட்டன். ‘டொனேட்’ என்ற ஆறு ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பெட்டியில் ‘தன்னார்வலராகப் பதிவுசெய்ய’ அடங்காது, பாதியில் வெட்டுப்படும். கணினியில் கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தி 400 சதவீதம் வரை போங்கள். சாதாரண 1280 பிக்சல் அகலத் திரை அப்போது 320 பிக்சல் போன் திரை மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிகிறதா, எதுவும் வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். திரும்ப கன்ட்ரோல்+பூஜ்யம். வெட்டுப்பட்டால் முதலில் சொல்லைச் சுருக்குங்கள் (‘பதிவு செய்க’), முடியாவிட்டால் பெட்டியின் உயரத்தைப் பூட்டியிருக்கும் எண்ணை டெவலப்பர் எடுக்கட்டும்.

போனில் இரண்டு விரலால் பெரிதாக்கவே முடியவில்லை என்றால் தீம் அதைத் தடுத்துவைத்திருக்கிறது. மேலே சொன்ன டபிள்யூபி ஆக்ஸசிபிலிட்டியிலேயே அந்தத் தடையை நீக்கும் தேர்வும் இருக்கிறது.

ஓடும் செய்திப்பட்டை, தானாக மாறும் ஸ்லைடர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் தானாக அசையும் எதற்கும் நிறுத்தும் பட்டன் வேண்டும். அந்தப் பட்டனைச் செய்வதைவிட எடுப்பது சுலபம்.

## அறிகுறி 8: “வீடியோவுல என்ன சொல்றாங்க?”

காது கேளாதவரின் கேள்வி. யூடியூப் ஸ்டூடியோவில் தமிழ் சப்டைட்டிலைச் சேர்த்து, கேட்டுக் கேட்டுத் தட்டுங்கள். பேச்சை மட்டுமல்ல, யார் பேசுகிறார் என்பதையும் எழுதுங்கள். பழைய வீடியோ அனைத்தையும் செய்ய ஆளில்லை என்றால், நிறுவன அறிமுக வீடியோ ஒன்றை மட்டும் முதலில்.

## அறிகுறி 9: “எது எங்க இருக்குன்னே பிடிபடலை”

என்விடிஏவில் ஹெச் அழுத்தினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ வேண்டும். ‘தலைப்பு இல்லை’ என்று சொன்னால், எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கித் தலைப்பு மாதிரி காட்டியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து ஹெடிங் ப்ளாக்காக மாற்றுங்கள். பக்கத்தின் பெயர் முதல் நிலை, உள்ளே வருபவை இரண்டாம் நிலை, அதற்குள் மூன்றாம் நிலை. அளவு பிடிக்கவில்லை என்பதற்காக நிலையைத் தாண்டாதீர்கள்.

## திருத்திய பிறகும் ‘மாறலையே’ என்றால்

தளம் வேகமாகத் திறக்கப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் கேஷ் ப்ளகின் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதை முழுதாகத் துடைத்துவிட்டு, லாகின் செய்யாத வேறொரு பிரவுசரில் பாருங்கள். புகார் சொன்னவரையே திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

## ஆளை அமர்த்துவது என்று முடிவானால்

ஒரே வரி நிரலை ஒட்டினால் தளம் முழுவதும் அணுகக்கூடியதாகிவிடும் என்று விற்கப்படும் மிதக்கும் பட்டன் கருவிகளுக்குச் சந்தா கட்டாதீர்கள். படத்துக்குள் இருக்கும் முகாம் தேதியையோ பாமினி வரிகளையோ அது திருத்தாது. பலருடைய ஸ்கிரீன் ரீடருக்குக் குறுக்கே நிற்கவும் செய்யும். இப்படி மிகைப்படுத்தி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி நடவடிக்கை எடுத்து, 2025-இல் 10 லட்சம் டாலர் கட்டவைத்தது.

வேலை உத்தரவில் மூன்றை எழுதுங்கள். தரம்: டபிள்யூசிஏஜி 2.2 (இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டி நெறிகள்), ஏஏ நிலை. இந்தியாவில் பதிவான அமைப்பு என்றால் ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரத்தையும் சேர்க்கலாம். சோதனை: கருவி அறிக்கை மட்டும் போதாது, ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவர் நன்கொடை கட்டுவதையும் படிவம் நிரப்புவதையும் செய்து பார்க்க வேண்டும், அதற்கு அவருக்குக் கூலி உண்டு. பணம்: கடைசித் தவணை அந்தச் சோதனைக்குப் பிறகு.